கப்பலில் கஞ்சி கிடைக்குமா?

கேள்வி: சொகுசுக் கப்பலில் போகலாம் என்று மகன் கூப்பிடுகிறான். கம்மங்கஞ்சி குடித்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?
– வாசகர், இடைசெவல்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ நம் நாட்டுப் பயணிகளை நம்பியே ஓடுகிற கப்பல். சைவம், ஜைன உணவு எல்லாம் உண்டு. சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம். மதுவுக்குத் தனிக் காசு. கம்மங்கஞ்சியை எதிர்பார்க்காதீர்கள். தட்டை நிரப்பாமல் கொஞ்சங்கொஞ்சமாக வாங்கிச் சாப்பிடுங்கள். கடல் குமட்டலுக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவு.

எனக்குப் பெரிய அதிசயம் தண்ணீர்தான். குடத்தோடு காத்துக் கிடந்த கரிசல்காட்டு மக்களுக்கு இது புரியும். இத்தகைய பெரிய கப்பல்கள் கடல்நீரை ஆவியாக்கிக் குளிரவைத்தோ, சவ்வு வழியே அழுத்தி வடிகட்டியோ நன்னீராக்கிக்கொள்கின்றன. சுற்றிலும் உப்புக்கடல், குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர்!

சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒருவருக்கு வந்த வயிற்றுப்போக்கு கப்பலில் பலருக்கும் தொற்றிவிடும். ஏறிய அன்றே உயிர்காப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். முழங்கால் வலித்தாலும் அதற்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.