வயதும் புகையும்: கணையப் புற்றுநோய் மரணக் கணக்கு பற்றி ஒரு பாடம்

புகைபிடித்தலின் தீமையைப் பற்றிக் கிராமங்களில் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "எங்கள் பாட்டனார் எண்பது வயது வரை சுருட்டுப் பிடித்தார், அவருக்கு ஒன்றும் நேரவில்லையே?" என்பதே அக்கேள்வி. உறையூர்ச் சுருட்டுக்குப் பெயர் பெற்ற திருச்சிராப்பள்ளியை அடுத்துள்ள நம் புதுக்கோட்டைச் சீமையில் இது எழுவதில் வியப்பில்லை. விதி என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆயினும் இதற்குக் கணக்கின் வழியே விடை உண்டு. அக்கணக்கைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்வது நலம். கணையப் புற்றுநோயை இங்கு எடுத்துக்கொள்வோம். வயதும் புகையும் மரண விகிதத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பது அந்நோயில் தெளிவாக விளங்கும்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காக அமைந்துள்ள ஓர் உறுப்பு. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ளது. உணவைச் செரிக்கச் செய்யும் நீரும், இரத்தத்திலுள்ள சர்க்கரையை அடக்கியாளும் இன்சுலினும் அங்கே உண்டாகின்றன. உடலின் ஆழத்தில் மறைந்திருப்பதால் அங்கே தோன்றும் கட்டி கைக்குத் தென்படாது; தொடக்கத்தில் வலியும் இராது. நோய் வெளிப்படும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. அதே ஆண்டில் இதனால் இறந்தோர் ஏறத்தாழ 4 லட்சத்து 67 ஆயிரம் பேர். நோயுற்றோர் தொகைக்கும் மாண்டோர் தொகைக்கும் இடைவெளி இவ்வளவு குறைவாயுள்ள புற்றுநோய்கள் மிகச் சிலவே.

புகை செல்வது நுரையீரலுக்கு அல்லவா, கணையத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். புகையிலுள்ள நச்சுப் பொருள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் பரவுகின்றன. கணையத்தை அடைந்து அங்குள்ள உயிரணுக்களைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோரும் தமக்கு இதில் பங்கில்லை என்று எண்ணிவிட வேண்டாம். மெல்லும் புகையிலையும் கணையப் புற்றுநோய்க்குக் காரணமாவதை உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் உறுதி செய்துள்ளது.

இனி வயதுக்கு வருவோம். நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு இந்நோய் மிக அரிது. அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி, நாற்பது வயதை ஒட்டியவர்களில் ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் ஒரு சிலருக்கே இது காண்கிறது. எழுபதைக் கடந்தவர்களிலோ லட்சத்திற்கு ஐம்பது பேருக்கு மேல். புகைபிடிப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இளமையில் இரு மடங்கு என்பது ஏதுமில்லாத ஒன்றின் இரு மடங்கு, கண்ணுக்கே தெரியாது. அறுபதிலும் எழுபதிலும் அதே இரு மடங்கு பெருந்தொகையாகிவிடுகிறது. இருபத்தைந்து வயதில் பீடியைப் பற்ற வைத்தவன் தனக்கு ஒன்றும் நேரவில்லை என்று நாற்பதில் சொல்வது, கடன் பத்திரத்தில் தவணை நாள் வருமுன்னரே கடன் இல்லை என்று சொல்வதை ஒக்கும். பாட்டனார் தப்பினார் என்பது மெய்யாயிருக்கலாம். இரு மடங்கு வாய்ப்பு என்றால் எல்லோரும் மாள்வர் என்று பொருளன்று. ஆனால் அவரோடு சுருட்டுப் பிடித்துச் சாவடியில் அமர்ந்திருந்தவர்களுள் எத்தனை பேர் எண்பதைக் கண்டனர் என்பதையும் எண்ண வேண்டும் அன்றோ?

மரண விகிதத்தை ஊருக்கு ஊர் ஒப்பிடுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். ஓர் உதாரணம் கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காகக் கற்பித்தவை. இரண்டு தாலுகாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் மக்கள். முதல் தாலுகாவில் புகைபிடிப்போர் மிகுதி. அறுபதைக் கடந்தோர் 6,000 பேர். இரண்டாவதில் புகைபிடிப்போர் குறைவு. ஆனால் இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றுவிட்டமையால் முதியோர் 14,000 பேர். முதல் தாலுகாவில் முதியோர் 1,500 பேருக்கு ஒருவரும், இரண்டாவதில் 2,000 பேருக்கு ஒருவரும் இந்நோயால் இறப்பதாகக் கொள்வோம். முதலாவதில் மரணம் 4, இரண்டாவதில் 7. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர், புகை மிகுந்த தாலுகாவே நலமாயிருக்கிறது என்று கூறிவிடுவார்! இரண்டிலும் முதியோர் 12,000 பேர் இருந்தால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். முதலாவதில் 8, இரண்டாவதில் 6. உண்மை இப்போது வெளிவருகிறது. வயதைச் சமப்படுத்திய விகிதம் என்று புள்ளிவிவர நிபுணர் கூறுவது இதனையே. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதை எட்டியோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். ஆதலால் நம் மாநிலத்தைப் பிற மாநிலங்களோடு ஒப்பிடும்போதும் இக்கணக்கின்றிப் பேசுவது தவறு.

"நம் ஊரில் இந்நோயைக் கேள்விப்பட்டதே இல்லையே" என்பாரும் உளர். இந்தியாவில் இதன் விகிதம் மேல்நாடுகளைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் அதற்கான காரணங்களுள் ஒன்று மகிழத்தக்கதன்று. டாக்டர் வேந்தன் கஜலட்சுமி அவர்களும் துணைவர்களும் சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் நிகழ்ந்த 43,000 ஆண்களின் மரணத்தை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பணியாளர் வீடு வீடாகச் சென்று, இறந்தவருக்கு என்ன துன்பம் இருந்தது, புகைபிடித்தாரா என்று உறவினரைக் கேட்டறிந்தனர். புகைபிடித்தோர் காசநோயால் இறப்பது மற்றவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது புலனாயிற்று. அதாவது, நம் நாட்டில் புகைப்பவர் பலர் காசநோயாலும் மாரடைப்பாலும் நடுவயதிலேயே மறைந்துவிடுகின்றனர். கணையப் புற்றுநோய் காணும் வயதை அவர்கள் எட்டுவதே இல்லை. காசநோய் ஒழிந்து ஆயுள் நீளுமானால், புகை குறையாதவரை, இத்தகைய முதுமைக்கால நோய்கள் பெருகும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

புகையை விட்டவர்க்குப் பயன் உண்டா? உண்டு. இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் என்னும் அறிஞர் 1951ஆம் ஆண்டு தொடங்கி 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். இடைவிடாது சிகரெட் பிடித்தோர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தனர். அறுபது வயதில் விட்டவர் மூன்றாண்டும், ஐம்பதில் விட்டவர் ஆறாண்டும், நாற்பதில் விட்டவர் ஒன்பதாண்டும் திரும்பப் பெற்றனர். கணையத்தைப் பொறுத்தவரை, விட்டபின் பத்து முதல் இருபது ஆண்டுகளில் ஆபத்து புகைக்காதவர் நிலைக்கு ஏறத்தாழ இறங்கிவிடுகிறது. "வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்ற பேச்சுக்கு இடமில்லை. விட விரும்புவோர் 1800-11-2356 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

முதியோர் உள்ள வீட்டார் மற்றொன்றை அறிந்திருத்தல் வேண்டும். வலியேதுமின்றிக் கண் மஞ்சளிப்பது, மலம் வெளுப்பது, உடல் அரிப்பு, காரணமின்றி எடை குறைவது, ஐம்பதைக் கடந்தபின் திடீரெனச் சர்க்கரை நோய் தோன்றுவது ஆகியவை கணையக் கட்டியின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். காமாலை என்றவுடன் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருப்பது நம் வழக்கம். முதியவருக்குக் காமாலை கண்டால் அவ்வாறு நாட்களைக் கழிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ, 2017ஆம் ஆண்டில் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ உடனே அழைத்துச் செல்லுதல் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இடமுள்ள காலம் மிகக் குறுகியது.

இறுதியாகப் பஞ்சாயத்துகளின் கடமை ஒன்று. 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். தமிழ்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டை இன்று நடத்திவருவது அந்நிலையமே. மருத்துவமனைக் குறிப்புகளுடன் மரணப் பதிவுகளும் இத்தகைய பதிவேட்டுக்கு ஆதாரம். நம் ஊர்களில் இறந்தவர் வயதைக் கேட்டால் அறுபது, எழுபது, எண்பது என்று முழு எண்ணாகவே விடை வருகிறது. காரணம் கேட்டால் "மூப்பு" என்பர். வயதே பிழையானால், மேலே கண்ட கணக்கு எவ்வாறு சரியாகும்? ஆதார் அட்டையிலும் பிழை இருக்கக்கூடும். பள்ளிச் சான்றோ, உடன்பிறந்தார் வயதோ கொண்டு ஒத்துப் பார்க்கலாம்.

மரண அறிக்கைப் படிவத்தில், இறந்தவர் புகைபிடிக்கும் வழக்கமுடையவரா, எத்தனை ஆண்டுகள், புகையிலை மென்றவரா, எத்தனை ஆண்டுகள் என்ற இடங்கள் உள்ளன. பலர் அவற்றை வெற்றிடமாக விட்டுவிடுகின்றனர். துக்க வீட்டில் இதைக் கேட்பது சங்கடமே; எனினும் காரியம் முடிந்தபின் வார்டு அங்கத்தினரோ உறவில் மூத்தவரோ பக்குவமாகக் கேட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதச் செய்யலாம். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவராயின் அச்சீட்டையும் உடன் கொண்டு செல்க. மரணம் நிகழ்ந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்வோருக்குக் கட்டணம் ஏதுமில்லை.