எழுதாத சாக்ரடீஸும் எழுதிய பிளாட்டோவும்

இந்த மாதப் பாடம் கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிறது. கிரேக்க நாட்டு ஏதென்ஸிலிருந்து.

சாக்ரடீஸைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பார்க்கிறவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர். கி.மு. 399-இல், எழுபது வயதில், நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். அவர் எழுதிய நூல் என்று ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

மாணவர் பிளாட்டோ எழுதிய 'ஃபீட்ரஸ்' உரையாடலில், ஆற்றங்கரை மரத்தடியில் சாக்ரடீஸ் ஒரு கதை சொல்கிறார். எகிப்தில் ஒரு தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்து, "இது ஞாபகத்துக்கு மருந்து" என்று அரசனிடம் கொண்டுபோகிறது. அரசன் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தை நம்பி மனிதர்கள் மறக்கத்தான் பழகுவார்கள் என்கிறான். சாக்ரடீஸ் இன்னொன்றும் சேர்க்கிறார்: எழுதியதிடம் கேள்வி கேட்டால், அது சொன்னதையே திரும்பச் சொல்லும்.

போன பருவத் தேர்வில் எனக்கு இதுதான் நடந்தது. கைப்பேசியில் இருநூறு பக்கக் குறிப்பு, மண்டையில் ஒன்றுமில்லை!

நம் மரபுக்கும் இந்தச் சந்தேகம் புதிதல்ல. வேதத்துக்குத் தமிழில் 'எழுதாக்கிளவி' என்றே பெயர். குரு சொல்ல, காதால் கேட்டு மனத்தில் ஏற்றியது. பாரதம் எழுத உட்கார்ந்த விநாயகர், நிறுத்தாமல் சொல்லணும் என்றார். பொருள் புரியாமல் எழுதக்கூடாது என்றார் வியாசர். எனக்கு வியாசர் நிபந்தனைதான் பிடிக்கும். படிக்கிறவனுக்கும் அது பொருந்தும்.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. எழுத்தின் மேல் சாக்ரடீஸுக்கு இருந்த சந்தேகமே, பிளாட்டோ எழுதியதால்தான் நமக்குத் தெரியும். பிளாட்டோவின் 'குடியரசு' நூலை 'பிளாட்டோவின் அரசியல்' என்று தமிழாக்கியவர் வெ. சாமிநாத சர்மா. இரங்கூனில் 'ஜோதி' இதழ் நடத்தியவர். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது நடந்தே இந்தியா திரும்பினார். அந்தப் பயணத்தையும் எழுதினார். அதே மாதிரி நடந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில். பெரும்பாலானோர் கதை அவர்களோடு போய்விட்டது.

என் தாத்தா கதையும் பாதி அப்படித்தான் போனது. பிரிஞ்சாங் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். ஒவ்வொரு மலைச்சரிவுக்கும் தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர்களை வரிசையாகச் சொல்வார். ஞாபகம் இருக்கும் என்று நான் எழுதவில்லை. அவர் போய் இரண்டு வருஷம். நாலு பெயர்தான் மிச்சம்.

இந்த விடுமுறையில் நோட்டுப் புத்தகத்தோடு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். "இதையெல்லாம் எதுக்குடா எழுதுற?" என்றார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்படி இல்லடா" என்று திருத்தினார். மறுபடி எழுதினேன், மறுபடி திருத்தினார். பதில் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது சாக்ரடீஸின் குறையும் பாதி தீர்ந்துவிடுகிறது. ராத்திரி பதினொன்றானதே தெரியவில்லை.

அடுத்த வகுப்புக்கு நீங்களும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, ஒரு பக்கம் எழுதி, அவரிடமே படித்துக் காட்டிக் கொண்டு வாங்க. என் நோட்டில் இப்போது ஆறு பெயர். ஏழாவது பெயர் என்ன என்று பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் சண்டை முடியவில்லை.