பிள்ளையின் கணக்கைச் செய்வது யார்?

அன்புவழிபுரத்தில் பெற்றோர் சிலரோடு அண்மையில் கூடியிருந்தபோது ஒரு தாய் எழுந்து கேட்டார்: "பாதர், மகன் இப்ப புத்தகத்தத் தொடுறதே இல்ல. போனிட்ட கேட்டா எல்லாம் சொல்லுது எண்டுறான். கொப்பியில முழுக்கச் சரிதான் போட்டிருக்கு. தவணைப் பரீட்சையில மட்டும் முப்பது புள்ளி. இது எப்பிடி?"

அன்று நான் அளித்த பதில் அரைகுறையானது. பின்னர் வாசித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன். குழுவாகக் கூடும் குடும்பங்கள், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, இதைப்பற்றிக் கலந்துரையாடலாம்.

அந்தப் பையன் கேட்டது செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணனிச் செயலியிடம். 2022 நவம்பர் 30 ஆம் திகதி சாட்ஜிபிடி வெளிவந்ததன் பின்னர் இத்தகைய செயலிகள் பல கைத்தொலைபேசிக்கே வந்துவிட்டன. தமிழிற் கேட்டாலும் பதில் தருகின்றன. எனினும் இவை எம்மைப்போல ஒன்றை அறிந்து சொல்பவை அல்ல. மனிதர் எழுதிய ஏராளமான பக்கங்களைக் கணனிக்கு ஊட்டி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கியிருக்கின்றார்கள். ஆகவே சரியையும் பிழையையும் ஒரே துணிவோடு சொல்லும். கன்னியாவில் எத்தனை வெந்நீர்க் கிணறுகள் என்று ஒரு செயலியிடம் கேட்டுப் பார்த்தேன். முதலில் ஐந்து என்றது. மறுமுறை ஒன்பது என்றது. ஏழு என்பது திருகோணமலைச் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

அதே கூட்டத்தில் ஒரு தகப்பனார் வேறொரு நியாயம் சொன்னார். "லாண்ட்மாஸ்ரர் வந்த பிறகு நாங்க மாடு பூட்டி உழுறமா? வெட்டுறதுக்கும் மெஷின்தான். பிள்ளை மெஷினப் பாவிச்சா என்ன பிழை?" நல்ல கேள்வி. பலர் தலையாட்டினார்கள். ஆனால் வயலில், யார் வெட்டினாலும் நெல் எமது களத்துக்கு வருகின்றது. பள்ளிக் கணக்கு அப்படியல்ல. அதன் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். அந்த விடையால் எவருக்கும் பயனில்லை. அதைத் தேடித் தடுமாறி, அழித்து எழுதும்போது பிள்ளையின் தலையில் மிஞ்சுவதுதான் விளைச்சல். இயந்திரம் கணக்கைச் செய்தால் அந்த விளைச்சல் களத்துக்கு வருவதில்லை.

இது வெறும் ஊகமன்று. துருக்கி நாட்டில் ஓர் உயர்தரப் பாடசாலையின் ஏறக்குறைய ஆயிரம் மாணவரிடையே, அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023 இல் இதைச் சோதித்துப் பார்த்தனர். பாடம் கணிதம். ஒரு பகுதியினருக்குப் புத்தகமும் குறிப்பும் மட்டும். இன்னொரு பகுதியினருக்குக் கேட்டதற்கெல்லாம் விடை தரும் சாதாரணச் செயலி. மூன்றாம் பகுதியினருக்கும் அதே செயலிதான், ஆனால் விடையைச் சொல்லாமல், ஆசிரியர் எழுதிக்கொடுத்த வழிகாட்டலின்படி சிறுகுறிப்பு மட்டும் தருமாறு மாற்றப்பட்டிருந்தது.

பயிற்சியின்போது சாதாரணச் செயலி வைத்திருந்தோர் புத்தகக்காரரைவிட 48 வீதம் கூடுதலாகப் புள்ளி பெற்றனர். குறிப்புத் தரும் செயலியுடையோர் 127 வீதம் கூடுதலாகப் பெற்றனர். பிறகு செயலியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். சாதாரணச் செயலிக்காரர், அதை ஒருநாளும் தொடாத மாணவரைவிட 17 வீதம் குறைவாகவே பெற்றனர். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அத்தகைய இழப்பு இல்லை. என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொன்று: தாம் குறைவாகக் கற்றோம் என்பதைப் பின்தங்கிய மாணவரே உணரவில்லை. கொப்பியில் சரி, பரீட்சையில் முப்பது என்ற தாயின் கேள்விக்கு இதுவே விடை என நினைக்கின்றேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துள் தொலைபேசியை எவரும் கொண்டுபோக முடியாது.

அப்படியானால் இதை அடியோடு விலக்கிவிடுவதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நைஜீரியாவின் பெனின் நகரத்தில் 2024 ஜூன், ஜூலை மாதங்களில் உலக வங்கியின் உதவியோடு பாடசாலை முடிந்த பின்னர் ஆறு வாரம் வகுப்பு நடத்தினார்கள். ஒரு கணனிக்கு இருவராக மாணவர்கள் அமர, ஆசிரியர் பக்கத்தில் நின்று என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழிநடத்தினார். ஆங்கிலத்தில் அவர்கள் கண்ட முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. பெண்பிள்ளைகள் கூடுதலாகப் பயனடைந்தனர். அதிக நாள் வந்தவர்கள் அதிகம் கற்றனர். துருக்கியிற் கெட்டதும் இங்கே பயன்பட்டதும் ஒரே வகைச் செயலிதான். இங்கே பக்கத்தில் ஆசிரியர் நின்றார்.

எமது பிள்ளைகளுக்கு இதன் பயன் எங்கே என்று பாருங்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு ஆசிரியர் போதாத பாடசாலைகள் எத்தனை! இடம்பெயர்வினால் படிப்பு இடையில் அறுந்த பிள்ளை, தன்னிலும் சிறியவர்களின் நடுவே எழுந்து கேள்வி கேட்கக் கூச்சப்படும். ஒரே விடயத்தைப் பத்துத் தடவை கேட்டாலும் இயந்திரம் சினப்பதில்லை, சிரிப்பதுமில்லை. ரியூசனுக்குக் காசில்லாத வீட்டில் இது சிறிய உதவியன்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழிற் பதில் தரும்போது இச்செயலிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொற்களையே தருகின்றன. எமது பாடநூலில் ஒட்சிசன் என்றிருப்பதை ஆக்சிஜன் என்னும். ஒளித்தொகுப்பு என்பதை ஒளிச்சேர்க்கை என்னும். கலம் செல்லாகிவிடும், திரிகோணகணிதம் முக்கோணவியலாகிவிடும். பிள்ளை இரண்டும் வேறு பாடமென்று குழம்பும். பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கப் பழக்கவேண்டும்.

மேலும், குடும்ப விபரங்களை அதற்குள் எழுதவேண்டாம் எனப் பிள்ளைகளிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அடையாள அட்டை இலக்கம், காணி உறுதி, காணாமற்போன உறவினரின் பெயர் என எதுவும் வேண்டாம். எழுதியது வெளிநாட்டு நிறுவனங்களின் கணனிகளுக்குப் போகின்றது. அதை அங்கிருந்து மீட்டெடுக்க எம்மால் இயலாது.

1990 இலும் 2006 இலும் உங்களிற் பலர் வயல், மாடு, வீட்டுக்கூரை அனைத்தையும் விட்டு வெளியேறினீர்கள். பிறப்புச் சான்றிதழைக்கூடப் பின்னர் அலைந்து எடுக்கவேண்டியிருந்தது. படித்திருந்தவரின் படிப்பு மட்டும் அவரோடு கூடவே நடந்து வந்தது. பிள்ளையின் படிப்பு தொலைபேசிக்குள் இருக்குமானால் அதுவும் விட்டுவரக்கூடிய பொருளாகிவிடும். எனக்கு உள்ள பயம் இதுவே.

எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோரும் ஒன்று செய்யலாம். இரவில் தொலைபேசியை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு, "இண்டைக்குச் செய்த கணக்க எனக்குச் சொல்லிக்காட்டு" என்று கேளுங்கள். கணக்கு உங்களுக்கு விளங்காவிட்டாலும் பிள்ளை எங்கே திக்குகின்றது என்பது விளங்கும். திக்கிய இடத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். சிறிய பிள்ளைகளிடம் இச்செயலிகளை விடவேண்டாம். வகுப்பறையில் இவற்றைப் பாவிக்க 13 வயதாவது ஆகியிருக்கவேண்டும் என்று யுனெஸ்கோ 2023 செப்டெம்பரில் ஆலோசனை கூறியது.

எமது நாட்டிலும் 2024 இல் கல்வி அமைச்சு மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் துணையோடு, தெரிவுசெய்த சில பாடசாலைகளில் தரம் 8 முதல் செயற்கை நுண்ணறிவுபற்றிக் கற்பிக்கப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. உங்கள் பாடசாலைக்கும் ஒருநாள் வரும். அதற்கு முன் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: செயலி விடை தருமா, குறிப்புத் தருமா? ஆசிரியர் பக்கத்தில் நிற்பாரா? கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஒழுங்கு?