ஐந்து விசைகளும் செத்தல் மிளகாயும்

சுயதொழில் பயிற்சி வகுப்புகளில் 'ஐந்து விசைகள்' என்னும் படத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் போட்டர் 1979இல் முன்வைத்த ஆய்வுமுறை இது. ஒரு தொழிலின் இலாபம் யார் கைக்குச் செல்கிறது என்பதைப் பின்வரும் ஐந்தும் தீர்மானிக்கின்றன என்றார் அவர்:

1. அதே தொழிலைச் செய்வோரின் போட்டி
2. புதிதாக இறங்குவோர்
3. மாற்றுப் பொருட்கள்
4. வாங்குவோரின் பலம்
5. மூலப்பொருள் விற்போரின் பலம்

இதனால் பயன் உண்டு. விதையையும் பசளையையும் கடனாகத் தந்த வியாபாரிக்கே விளைச்சலையும் கொடுக்க வேண்டியிருந்தால், விலை ஏன் குறைகிறது என்பதை நான்காம், ஐந்தாம் விசைகள் விளக்கிவிடும். ஆயினும் வன்னியின் அனுபவம் இம்முறையின் எல்லைகளையும் காட்டுகிறது.

அரசின் தீர்மானம்

1970களின் முற்பகுதியில் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் இளைஞர்கள் மிளகாய் செய்து நிமிர்ந்தார்கள். 1977இல் வந்த அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுச் செத்தல் மிளகாய் வந்தது, விலை சரிந்தது. கமக்காரரின் உழைப்பு குறையவில்லை; கொழும்பின் கொள்கையே மாறியது.

அரசு தனியொரு விசையன்று, ஐந்து விசைகளினூடாகவே அது செயற்படுகிறது எனப் போட்டர் 2008இல் எழுதினார். அப்படியானால் இறக்குமதியைப் 'புதிதாக இறங்குவோர்' என எழுதிக்கொள்ளலாம். ஆனால் கதவைத் திறந்தவர் யார், அவரிடம் கமக்காரருக்காகப் பேசுவது யார் என்பதை இப்படம் கேட்பதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும் இதே நிலைதான். பசளைக் கடைக்காரரிடம் பேரம்பேசிப் பயனிருக்கவில்லை.

பாதை

1990 முதல் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் யூரியாவும் வன்னிக்கு வருவது அரிதாயிற்று. 2002இல் திறந்த ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. பொருள் சந்தைக்குப் போகும் என்று எடுத்துக்கொண்டே இம்முறை தொடங்குகிறது. போகாவிட்டால் என்ன செய்வது?

கூட்டு

இப்படத்தில் அயற்காணிக்காரர் போட்டியாளர். இரணைமடுக் குளத்தின் கீழோ அவர் வாய்க்காலின் பங்காளர். சிறுபோகத்தில் எவ்வளவு காணி செய்வது என்பதைக் கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டத்திற் கூடியே தீர்மானிக்கின்றனர். ஒத்துழைப்பால் வரும் பலத்தை எழுத இப்படத்தில் இடமில்லை.

எனவே படத்தை எறிந்துவிட வேண்டியதில்லை. அதை மட்டும் நம்பினால், விலை சரிந்து கடனில் விழுந்தவர் தன் திறமைக்குறைவே காரணம் என எண்ணிவிடுவார். இதுவே நாம் தவிர்க்க வேண்டிய ஆபத்து.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது பயிரின் விலையை மாற்றக்கூடிய அரச தீர்மானங்கள் எவை? அவற்றை நாம் எப்போது அறிகிறோம்?
2. பாதை அல்லது எரிபொருள் தடைப்பட்டால் விளைச்சலை எவ்வளவு காலம் வைத்திருக்க முடியும்?
3. தனித்து விற்பதிலும் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து விற்பதிலும் எமக்கு எது நன்மை?