ரத்த ரிப்போர்ட்டும் கல்யாணப் பேச்சும்

'எங்க வம்சத்துலயே இந்த வியாதி இருக்குங்க' என்று சொல்பவர்கள் ஏதோ தப்பு செய்தவர்கள்போலத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நம் பழைய வைத்திய நூல்களில் கன்ம நோய் என்று உண்டு. முன்வினையால் வந்தது என்பார்கள். இன்று அந்த இடத்தில் 'ஜீன்' வந்து உட்கார்ந்துகொண்டது. பழி மட்டும் போகவில்லை.

அரிவாள் செல் ரத்தசோகையைப் பாருங்கள். நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952-லேயே கண்டறியப்பட்டது. சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, சிறு ரத்தக்குழாய்களை அடைத்து, எலும்பிலும் மூட்டிலும் தாங்கமுடியாத வலியைக் கொடுக்கும்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கான ஜீன் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரட்டையாக வருகிறது. இரண்டுமே பழுதானால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதென்றால் அவர் 'சுமப்பவர்', நோயாளி இல்லை. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. மலேரியாகூட அவரை அவ்வளவு கடுமையாகத் தாக்குவதில்லை! சுமப்பவர்கள் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

இந்த வித்தியாசம் புரியாததால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவில் 1970-களில் கறுப்பின மக்களைக் குறிவைத்துப் பல மாநிலங்கள் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. சுமப்பவர்களுக்கு வேலை மறுத்தார்கள், இன்ஷூரன்ஸ் மறுத்தார்கள். விமானப்படை அகாடமி 1981 வரை அவர்களைச் சேர்க்கவே இல்லை.

நம் நாட்டில் 2023-ல் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தார்கள். நல்ல காரியம். குழந்தையிலேயே தெரிந்தால் உயிரைக் காப்பாற்றலாம். ஹைட்ராக்ஸியூரியா மருந்து வலி வருவதைக் குறைக்கிறது. (சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், ஜீனைத் திருத்தும் லேகியம் கிடையாது. விற்றால் வாங்காதீர்கள்.) அந்த ரிப்போர்ட் கல்யாணப் பேச்சுக்குள் நுழையும்போதுதான் எனக்குப் பயம். பையன் சுமப்பவர் என்றால் மூடி மறைத்துவிடுவார்கள். பெண் என்றால் 'ரத்தமே சரியில்லாத குடும்பம்' என்று ஆகி, தங்கைக்கு வரும் வரனும் சேர்ந்து நின்றுபோகும்.

ஆகவே ரத்தம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: முடிவை யார் யார் பார்ப்பார்கள்? உட்காரவைத்து விளக்க ஆள் உண்டா? ரிப்போர்ட் யாருடையதோ அவர் கையில்தான் முதலில் வர வேண்டும், வருங்கால மாமியார் கையில் அல்ல. ஒருவர் மட்டும் சுமப்பவராக இருந்து, மற்றவர் ஜீனில் எந்தப் பழுதும் இல்லையென்றால் பிள்ளைக்கு இந்த நோய் வராது. எனவே பெண்ணுக்கு மட்டும் டெஸ்ட் எடுக்கச் சொல்லும் வீட்டாரிடம், 'மாப்பிள்ளை ரிப்போர்ட் எங்கே?' என்று தயங்காமல் கேளுங்கள்.