ஒரு லிம்போமா டேபிளை வைத்து வேலை வாங்குவது எப்படி?

ஹெல்த்கேர் அனலிட்டிக்ஸ் வேலைக்கு வருகிற ரெஸ்யூமேக்களில் ப்ராஜெக்ட் பகுதியைப் பாருங்கள். டைட்டானிக் பயணிகள், ஐரிஸ் பூக்கள், சர்க்கரை நோய் ப்ரிடிக்‌ஷன். ஆள் எடுப்பவர்கள் இவற்றைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் அமெரிக்க க்ளையன்ட்டுகளின் ஹெல்த் டேட்டாவைக் கையாளும் டீம்களுக்கு வேண்டியது, க்ளையன்ட் உண்மையில் கேட்கிற கேள்வியோடு மல்லுக்கட்டிப் பழகிய ஆள்.

அப்படி ஒரு கேள்வி இது: “எங்கள் கவுன்டியில் லிம்போமாவால் இறப்பவர்கள் நாட்டு அளவைவிட அதிகமா? அது கூடுகிறதா, குறைகிறதா?” கவுன்டி (நம் மாவட்டம் போன்ற அமெரிக்க நிர்வாகப் பகுதி) சுகாதாரத் துறை கேட்கும், ஆஸ்பத்திரி நிர்வாகம் கேட்கும், இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். உங்களோடு போட்டி போடுகிறவர்கள் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான். நீங்கள் விழாமல் நின்றால் ஷார்ட்லிஸ்ட்டில் இருப்பீர்கள்.

ஏன் லிம்போமா? அமெரிக்காவில் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமாவால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பேர் இறக்கிறார்கள். கவுன்டிகளோ 3,100க்கு மேல். ஒரு கவுன்டிக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஆறேழு இறப்புகள். நுரையீரல் புற்றுநோயை எடுத்தால் எண்ணிக்கை ஏராளம், யார் செய்தாலும் விடை வந்துவிடும். ஹாட்ஜ்கின் லிம்போமாவில் நாடு முழுவதுமே ஆயிரத்தை ஒட்டிய இறப்புகள்தான். கவுன்டி அளவில் சொல்ல எதுவும் மிஞ்சாது. இந்த இரண்டுக்கும் நடுவில், விடை கிடைக்கும் ஆனால் கவனமில்லாவிட்டால் தப்பாகக் கிடைக்கும் என்ற இடத்தில் நிற்கிறது நான்-ஹாட்ஜ்கின். திறமையைக் காட்ட இதைவிட நல்ல களம் கிடையாது.

1. ரெடிமேட் டேபிளை முதலில் படியுங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சிடிசியும் சேர்ந்து நடத்தும் ‘ஸ்டேட் கேன்சர் ப்ரொஃபைல்ஸ்’ தளத்தில் இந்த ஒப்பீடு தயாராகவே இருக்கிறது. ஒவ்வொரு கவுன்டியின் இறப்பு விகிதம் தேசிய விகிதத்துக்கு மேலா, ஒத்ததா, கீழா என்று ஒரு பக்கம். அண்மை ட்ரெண்ட் ஏறுகிறதா, நிலையாக இருக்கிறதா, இறங்குகிறதா என்று இன்னொரு பக்கம். மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது கட்டங்கள். விகிதமும் மேலே, ட்ரெண்டும் ஏறுமுகம் என்றால் முதல் கவனம் அந்தக் கவுன்டிக்கு. டேபிளை டவுன்லோட் செய்து கலர் மேப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மேப் எல்லோரிடமும் இருக்கும். டேபிளின் அடிக்குறிப்புகளை வரிவரியாகப் படித்தவர்கள் மிகக் குறைவு. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராகுங்கள்.

2. எதை எண்ணுகிறீர்கள் என்று ஒரே வரியில் சொல்லப் பழகுங்கள். இறப்புச் சான்றிதழில் அடிப்படைக் காரணமாகப் பதிவானதைத்தான் எண்ணுகிறார்கள். நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-10 கோடுகளில் ஹாட்ஜ்கின் சி81, நான்-ஹாட்ஜ்கின் முக்கியமாக சி82 முதல் சி85 வரை. அமெரிக்கா இறப்புப் பதிவுகளுக்கு ஐசிடி-10ஐ எடுத்துக்கொண்டது 1999-இல்; அதற்கு முன் ஐசிடி-9. 1998க்கும் 1999க்கும் நடுவே ஒரு சின்னப் படி தெரிந்தால் அது நோய் மாறியதால் இருக்க வேண்டியதில்லை, கோடு மாறியதாலும் இருக்கலாம்.

இன்னொரு பாயிண்ட், இதைச் சொன்னால் எதிரே இருக்கும் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். ஸ்மால் லிம்போசைட்டிக் லிம்போமாவும் க்ரானிக் லிம்போசைட்டிக் லுக்கேமியாவும் மருத்துவத்தில் ஒரே நோய்தான். இறப்புக் கணக்கில் ஒன்று லிம்போமா பக்கம், மற்றது லுக்கேமியா பக்கம் விழுகிறது. சான்றிதழ் எழுதும் பழக்கம் ஊருக்கு ஊர் வேறுபட்டால் விகிதமும் கொஞ்சம் அசையும்.

3. வயதைச் சரிசெய்யாத எண்ணை வாயால் சொல்லாதீர்கள். நான்-ஹாட்ஜ்கின் லிம்போமாவால் இறப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் 75 வயதை எட்டியவர்கள். ஃபுளோரிடாவின் சம்ட்டர் கவுன்டி ஓய்வுபெற்றவர்களின் ஊர். அமெரிக்கக் கவுன்டிகளிலேயே முதியோர் செறிவில் முன்னணியில் இருப்பது. யூட்டா மாநிலத்தின் யூட்டா கவுன்டியோ மாணவர்களும் இளம் குடும்பங்களும் நிறைந்தது. இரண்டின் கச்சா விகிதத்தையும் ஒப்பிட்டால் லிம்போமாவை அளக்கவில்லை, வயதைத்தான் அளக்கிறீர்கள். அதனால்தான் எல்லாக் கவுன்டிகளையும் 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஸ்டாண்டர்ட் பாப்புலேஷனுக்கு ஏற்ப ஏஜ்-அட்ஜஸ்ட் செய்கிறார்கள். இதை ஒரு முறையாவது எக்ஸெல்லில் கையால் போட்டுப் பாருங்கள். கையால் போட்டவர் இன்டர்வியூவில் திக்குவதில்லை.

4. “வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது” என்று சொல்லத் துணியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு டிப்பை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு. தேசிய விகிதம் லட்சத்துக்கு ஆண்டுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். உண்மை அளவும் ஏறக்குறைய அதுதான். 1 லட்சம் பேர் வாழும் கவுன்டியில் ஐந்தாண்டில் 25 இறப்புகளை எதிர்பார்க்கலாம். நடந்தது 33. விகிதம் 6.6, தேசிய அளவைவிட 32 சதவீதம் அதிகம். ஜூனியர் அனலிஸ்ட் உடனே சிவப்புக் கலர் அடித்து, தலைப்பு எழுதி, ஸ்லைடு போட்டுவிடுவார். பொறுங்கள். 33 இறப்புகளுக்கான 95 சதவீத கான்ஃபிடென்ஸ் இன்டர்வெல் சுமார் 23 முதல் 46 வரை. விகிதமாக மாற்றினால் 4.5 முதல் 9.3. தேசிய விகிதமான 5 அதற்குள்ளேயே கிடக்கிறது. ஆக, இந்தக் கவுன்டி ‘ஒத்தது’.

அதே 6.6 விகிதம் 10 லட்சம் பேர் உள்ள கவுன்டியில் வந்தால்? ஐந்தாண்டில் 330 இறப்புகள். இன்டர்வெல்லின் கீழ்முனை 5.9. இப்போது தைரியமாக ‘மேலே’ என்று சொல்லலாம். விகிதம் ஒன்றே, தீர்ப்பு இரண்டு. இந்த இரண்டு வரிக் கணக்கை ஒயிட்போர்டில் போட்டுக் காட்டத் தெரிந்தவருக்கும் பத்து கலரில் டாஷ்போர்டு வைத்திருப்பவருக்கும் போட்டி என்றால், நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால் முதலாமவரைத்தான் எடுப்பேன்.

இறப்புகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, 1ஐ அதனால் வகுத்தால் தோராயமான பிழை அளவு வந்துவிடும். 100 இறப்புகளுக்கு 10 சதவீதம், 25க்கு 20 சதவீதம், 16க்கு 25 சதவீதம். ஸ்டேட் கேன்சர் ப்ரொஃபைல்ஸ் 16க்கும் குறைவான எண்ணிக்கையை மறைத்துவிடுவதற்கு ஒரு காரணம் இந்தப் பிழை அளவுதான். இன்னொரு காரணம் தனிநபர் ரகசியம். சிடிசி வொண்டர் டேட்டாபேஸில் 10க்குக் கீழே உள்ள இறப்பு எண்ணிக்கைகள் மறைக்கப்படும், 20க்குக் கீழே இருந்தால் விகிதத்தில் ‘நம்பத்தகாதது’ என்ற குறி விழும். மறைக்கப்பட்ட கட்டத்தைப் பூஜ்யம் என்று நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு தப்புக்கே ஆளை நிராகரிக்கலாம்.

டெக்சஸின் லவிங் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் 1 கோடி. மேப்பில் இரண்டும் ஆளுக்கொரு கலர்க் கட்டம். ஆண்ட்ரூ கெல்மன் குழுவினரின் ‘பேயீசியன் டேட்டா அனாலிசிஸ்’ பாடப்புத்தகத்தில் 1980களின் சிறுநீரகப் புற்றுநோய் இறப்பு மேப் ஒன்று வரும். மிக அதிக விகிதம் சின்னக் கவுன்டிகளில். மிகக் குறைந்த விகிதமும் சின்னக் கவுன்டிகளில்தான். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். பிறகு ‘டாப் 10 கவுன்டிகள்’ என்று லிஸ்ட் போட உங்களுக்குக் கை வராது.

கூடவே இதையும் மனதில் வையுங்கள்: 3,000 கவுன்டிகளை 5 சதவீத அளவுகோலில் சோதித்தால், எங்கேயும் உண்மையான வேறுபாடே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 150 கவுன்டிகள் ‘வேறுபட்டவை’ என்று கொடி பிடிக்கும்.

5. ட்ரெண்டில் ‘நிலையானது’ என்ற சொல்லிடம் ஏமாறாதீர்கள். நாட்டு அளவில் நான்-ஹாட்ஜ்கின் இறப்பு விகிதம் 1970களிலிருந்து ஏறி, 1990களின் பிற்பகுதியில் உச்சம் தொட்டு, அங்கிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. அண்மை இறக்கம் ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இதில் ஒரே நேர்க்கோட்டைப் போட்டால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். கோடு எங்கே திரும்புகிறது என்று தேடிப்பிடிக்கத்தான் ‘ஜாயின்ட்பாயின்ட்’ என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஓர் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை சதவீத மாற்றம் என்று அது தரும். இன்டர்வெல் முழுக்க பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் ஏறுமுகம். முழுக்கக் கீழே இருந்தால் இறங்குமுகம். பூஜ்யத்தைத் தொட்டால் ‘நிலையானது’.

உங்கள் கவுன்டியில் மாற்றம் மைனஸ் 2 சதவீதம், இன்டர்வெல் மைனஸ் 4.5 முதல் பிளஸ் 0.6 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் ‘நிலையானது’. நாட்டு லேபிள் ‘இறங்குமுகம்’. “நாடு முன்னேறுகிறது, நம் கவுன்டி தேங்கிவிட்டது” என்று மேனேஜர் எழுதப் போவார். நீங்கள் தடுக்க வேண்டும். இரண்டின் மதிப்பீடும் ஒரே வேக இறக்கத்தைத்தான் காட்டுகிறது. கவுன்டியில் அதை உறுதியாகச் சொல்லப் போதுமான இறப்புகள் இல்லை, அவ்வளவுதான். லேபிள்களை ஒப்பிடாதீர்கள், இன்டர்வெல்களை ஒப்பிடுங்கள். இதைப் பணிவாக, ஆனால் அழுத்தமாக, மீட்டிங்குக்கு முன்பே மேனேஜரிடம் தனியாகச் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் திருத்தினால் நீங்கள் சொல்வது சரியாக இருந்தாலும் உறவு கெடும். தனியாகச் சொன்னால் அடுத்த முறை அவரே உங்களைக் கேட்டுவிட்டு ஸ்லைடு போடுவார்.

6. காரணக் கதையை அவசரமாகக் கட்டாதீர்கள். லிம்போமாவுக்கான ரிட்டுக்ஸிமாப் மருந்துக்கு அமெரிக்க எஃப்டிஏ 1997 நவம்பரில் அனுமதி கொடுத்தது. இறப்பு விகிதம் திரும்பியதும் அதே காலகட்டம். “மருந்து வந்தது, இறப்பு குறைந்தது” என்று சொன்னால் பேனலில் யாராவது ஒருவர் பிடித்துக்கொள்வார். முதல் அனுமதி குறிப்பிட்ட வகை லிம்போமா மீண்டும் வந்தவர்களுக்கும் முந்தைய சிகிச்சைக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் மட்டும்தான். 1996 வாக்கில் எச்ஐவிக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது; எய்ட்ஸோடு சேர்ந்து வரும் லிம்போமா அதனால் குறைந்தது. ரிட்டுக்ஸிமாப் பெரிய மாற்றம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் ஒரு வளைவுக்கு ஒரே காரணம் சொல்கிறவரை யாரும் சீனியராக ஆக்குவதில்லை.

கவுன்டி விகிதம் உண்மையிலேயே மேலே இருந்தால் அடுத்த கேள்வியை நீங்களே கேளுங்கள்: நோய் வருவதே அதிகமா, வந்தவர்கள் பிழைப்பது குறைவா? புதிய நோயாளிகள் விகிதத்தையும் அருகில் வையுங்கள். அது நாட்டு அளவை ஒத்திருந்து இறப்பு மட்டும் கூடினால், தாமதமான டயக்னோசிஸ், தூரத்து ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் இல்லாமை என்று விசாரணை ஒரு திசையில் போகும். இரண்டும் கூடியிருந்தால் வேறு திசை. தப்பான திசையில் அனுப்பினால் பணம் மட்டும் வீணாவதில்லை; சிகிச்சை கிடைத்திருக்க வேண்டியவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. இந்த வேலையை நான் மதிப்பதற்கும், அலட்சியமாகச் செய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதற்கும் அதுதான் காரணம்.

7. கவுன்டிகளின் அடையாளக் கோடு சிக்கல்களைப் போர்ட்ஃபோலியோவில் காட்டுங்கள். 2015-இல் சவுத் டகோட்டாவின் ஷானன் கவுன்டி, ஓக்லாலா லக்கோட்டா என்று பெயர் மாறியது. அதன் எஃப்ஐபிஎஸ் அடையாள எண்ணும் 46113-லிருந்து 46102 ஆனது. கனெக்டிகட்டில் பழைய கவுன்டிகளுக்குப் பதிலாகத் திட்டமிடல் மண்டலங்கள் வந்துவிட்டன. இதைக் கவனிக்காத ஜாயின், சத்தமில்லாமல் வரிகளைத் தொலைத்துவிடும். எப்படிப் பிடித்தீர்கள் என்று ரீட்மீ ஃபைலில் மூன்று வரி எழுதுங்கள்.

“இதையே ஏன் சென்னைக்குச் செய்யவில்லை?” என்று கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இயங்கும் மெட்ராஸ் மெட்ரோபாலிட்டன் ட்யூமர் ரெஜிஸ்ட்ரி, தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் ஆரம்ப காலம் முதலே இருப்பது. புதிய நோயாளிகள் பற்றி அருமையான டேட்டா அதில் உண்டு. ஆனால் இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளிப்பது கால்பங்குக்கும் குறைவு. ஒப்பிட நம்பகமான தேசிய இறப்பு விகிதமே கையில் இல்லை. போதாததற்கு, இந்திய ரெஜிஸ்ட்ரிகள் வயதைச் சரிசெய்வது உலக ஸ்டாண்டர்ட் பாப்புலேஷனை வைத்து. அமெரிக்க எண்ணோடு அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. இந்தப் பதிலை முப்பது வினாடியில் சொல்லி முடித்தால் இரண்டு நாட்டு டேட்டாவும் தெரிந்த ஆள் என்று குறித்துக்கொள்வார்கள்.

8. ஒரு பக்க மெமோ எழுதுங்கள். இருபது ஸ்லைடு வேண்டாம். மேலே தீர்ப்பு, ஒரே வாக்கியத்தில்: “2 கவுன்டிகள் தேசிய விகிதத்துக்கு மேல், 11 கவுன்டிகளை வேறுபட்டவை என்று சொல்ல ஆதாரம் போதாது, மற்றவற்றில் எண்ணிக்கை மறைக்கப்பட்டுள்ளது” என்கிற மாதிரி. நடுவில் ஒரே சார்ட். ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரு புள்ளி, இருபுறமும் இன்டர்வெல், குறுக்கே தேசிய விகிதக் கோடு. வரிசை விகிதப்படி வேண்டாம், மக்கள்தொகைப்படி; சின்னக் கவுன்டிகளின் நீளமான இன்டர்வெல்கள் தாமாகவே பேசும். கீழே நான்கு வரி: எந்த ஆண்டுகள், எந்தக் கோடுகள், எந்த ஸ்டாண்டர்ட் பாப்புலேஷன், எதை விட்டீர்கள்.

மெமோவை நோய் பற்றித் தெரியாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். படித்துவிட்டு “இந்த 11 கவுன்டிகளில் பிரச்சினை இல்லை, அப்படித்தானே?” என்று அவர் கேட்டால் திரும்ப எழுதுங்கள். “இந்த 11 பற்றி இன்னும் சொல்ல முடியாது, இல்லையா?” என்று கேட்டால் லிங்க்கை ரெஸ்யூமேயில் படிப்புக்கு மேலே போட்டு அனுப்புங்கள்.