கடைசிச் சொல்லிலிருந்து படி

அன்புள்ள மகளுக்கு,

ஃபின்னிஷ் வகுப்பில் காலத்தைக் குறிக்கும் கூட்டுச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதாக எழுதியிருந்தாய். அந்தப் பட்டியலை மூடி வை, கண்ணு. கூ என்றால் மாதம், வுவோசி ஆண்டு, ஐகா நேரம், பைவா பகல் அல்லது நாள், கௌசி காலப்பகுதி. இவற்றை முதலில் உறுதியாகப் பிடித்துக்கொள். வுவோசி ‘வுவோடென்’ என்று திரிவதைப் போலவே கௌசியும் ‘கௌடென்’ ஆகும்.

நீளமான சொல்லைக் கண்டால் வலக்கோடியிலிருந்து பிரி. பொருளைத் தாங்குவதும் வாக்கியத்துக்கேற்ப வேற்றுமை உருபை ஏற்பதும் கடைசிச் சொல்தான். இல்தா என்பது மாலை, இல்தாபைவா பிற்பகல். ‘பிற்பகலில்’ என்று சொல்லும்போது உருபில் வருவது புள்ளி வைத்த ஆ (ä). பைவாவில் இருப்பது அந்த ஆ என்பதே காரணம். முன்னே நிற்கும் மாலைக்கு அதில் பங்கே இல்லை.

மாதப் பெயர்கள் பன்னிரண்டும் ‘கூ’ என்றே முடியும். கூ நிலாவையும் குறிக்கும். திங்கள் என்ற சொல்லோடு வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் லொகாகூ, அதாவது சேற்று மாதம். வெளியே இறங்கி நடந்தால் பொருள் தானே விளங்கும்.

மிகவும் கவனிக்க வேண்டிய சொல் வுவோரொகௌசி. பகலும் இரவும் சேர்ந்த முழு 24 மணி நேரம் அது. மருந்துத் தாளில் இந்தச் சொல் இருந்தால் இரவையும் சேர்த்துக் கணக்கிடு. ஹெல்சிங்கிக்கு வரும்போது இதே பெயரில் பயணச்சீட்டு கிடைக்கும். அது நள்ளிரவோடு முடியாது, தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும்.

முதற்சொல் சில இடங்களில் வெறுமனே நிற்கும்: வுவோசிசத, நூற்றாண்டு. (அந்தச் ‘சத’வும் நம் சதமும் இந்தோ-ஈரானிய மூலம் ஒன்றிலிருந்து வந்த கடன்கள்.) சில இடங்களில் உருபோடு வரும்: வுவோடென்ஐகா, பருவம். இதற்கு விதி தேடி அலையாதே. முழுச் சொல்லாகவே மனத்தில் இருத்து.

நூற்றாண்டுக் கணக்கில் ஏமாறாதே. கலேவலா காவியம் 1835இல் வெளிவந்தது. அந்தக் காலத்தை இங்கே ‘1800-லுகு’ என்பார்கள். நமக்கு அது 19ஆம் நூற்றாண்டு. தேர்வில் ஒரு நூற்றாண்டு தவறிவிடாமல் பார்த்துக்கொள்.

கியெலிதொய்மிஸ்டோ அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. இந்த வாரம் கௌசி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தச் சொற்களில் வருகிறது என்று அதில் தேடி எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சித்தி
எஸ்போ